நாய் இல்லாத வேட்டை

அன்று வேட்டைக்குப் போனவர்கள் அப்பா, சித்தப்பா, நான். அம்மா வரவில்லை, முயலுக்குக் கறித்தூள் வறுத்து வைக்கிறேன் என்று சிட்னி குவேக்கர்ஸ் ஹில் வீட்டிலேயே நின்றுவிட்டார். நாயும் வரவில்லை. எங்களிடம் நாய் கிடையாது.

இலங்கையில், எங்கள் வன்னியில் முயலுக்கு வலை கட்டினால் ஆட்கள் வலைக்குப் பின்னால் பதுங்கிக்கொள்வார்கள். நாய்தான் மறுபக்கத்திலிருந்து முயலைக் கலைத்துக்கொண்டு வரும். சிட்னியிலிருந்து காரில் மூன்று மணி நேரம் ஓடிப்போன அந்தப் பண்ணையில், எட்டு வயதான எனக்கு அந்த உத்தியோகம் கிடைத்தது. பண்ணைக்காரருக்கு அப்பா வேலி அடைத்துக் கொடுத்திருந்தார். புல்லையெல்லாம் முயல் அழிக்கிறது, வேண்டியமட்டும் பிடித்துக்கொண்டு போ என்று அவரே சொல்லியிருந்தார்.

கோழித் தொழிற்சாலை வேலை முடிந்து வந்தால் கதிரையில் பேச்சில்லாமல் இருக்கிற அப்பா, அன்று புல்லுக்குள் முழந்தாளிட்டு முயல் புழுக்கையை நசுக்கிக் காட்டினார்.

"இன்னும் ஈரம். கிட்டத்தான் நிக்குது. காத்து அங்காலயிருந்து வருது, எங்கட மணம் போகாது. நீ அந்தச் செடிப் பத்தையைச் சுத்திப் போய்க் குலைச்சுக்கொண்டு வா. வடிவாக் குலைக்கோணும்."

குரைத்தேன். ஊளையும் இட்டேன். "அண்ணை, இது நல்ல சாதி!" என்று சித்தப்பா கத்தினார். கொழுத்த முயல் ஒன்று பாய்ந்து வலையில் சிக்கியது. அப்பா என்னைத் தோளில் தூக்கி வைத்து ஆடினார். அவர் ஆடி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

புல்வெளிக்குள் ஒரு பிள்ளை கத்துகிறது, இரண்டு ஆண்கள் ஒளிந்து நிற்கிறார்கள் என்று வீதியால் போன யாரோ அறிவித்திருக்க வேண்டும். பொலிஸ் கார் வந்து நின்றது.

எங்களிடம் அப்போது இருந்தது தற்காலிக விசா. பொலிஸ் பிரச்சினை ஏதும் வந்தால் அதுவும் போய்விடும், தடுப்பு முகாம்தான் என்று பரமட்டா வக்கீல் அப்பாவிடம் சொல்லியிருந்தார். எனக்கு அதெல்லாம் தெரியாது. அப்பா என்னை இறக்கிவிட்டு, யாரும் சொல்லாமலே இரண்டு கைகளையும் மேலே தூக்கினார். இன்னும் ஆடுகிறார் என்றே நினைத்தேன்.

பொலிஸ்காரி என்னைத் தனியே கூட்டிப்போய், ஏன் கத்தினாய், யாராவது உனக்கு ஏதும் செய்தார்களா என்று கேட்டார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட ஆங்கிலம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பெருமையோடு பதில் சொன்னேன்: "நான்தான் இவர்களுடைய நாய்."

அவர் முகம் இறுகிவிட்டது. நம்பவில்லையாக்கும் என்று, பத்தையைச் சுற்றி ஓடி இன்னொருமுறை முழு மூச்சாகக் குரைத்துக் காட்டினேன். திரும்பி வந்தபோது அவர் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தார். பண்ணைக்காரருக்கு போன் எடுத்தார். ஓம், நான்தான் வரச்சொன்னேன் என்றார் அவர். விஷயம் முடிந்தது.

முடிந்ததை அப்பா முடிய விடவில்லை. வலையிலிருந்து முயலை எடுத்துப் பொலிஸ்காரியிடம் நீட்டினார்.

"அண்ணை, விசரே? லஞ்சம் எண்டு பிடிக்கப் போகினம்!"

"வலையடியில நிண்ட ஆளுக்குப் பங்கு குடுக்காமல் விடுறதே? தம்பி, நீ சொல்லு."

சொன்னேன். வேலை நேரத்தில் எதுவும் வாங்கக்கூடாது என்றார் பொலிஸ்காரி. அப்பா மீண்டும் நீட்டினார். அவர் பின்வாங்கினார். இந்த உபசாரத்தின் நடுவில் முயல் ஓர் உதை உதைத்துப் புல்லுக்குள் பாய்ந்து மறைந்தது.

நான் கத்தி அழுதேன். பொலிஸ் கார் மறைந்ததும் அப்பா அப்படியே நிலத்தில் குந்தியிருந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

வீட்டில் வறுத்த தூள் மணத்துக்கொண்டிருந்தது. நடந்ததைச் சித்தப்பா சொல்லச் சொல்ல, அம்மா அப்பாவின் மணிக்கட்டுகள் இரண்டையும் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு பாட்டொன்றை முணுமுணுத்தபடி குசினிக்குள் போய் முட்டை பொரித்தார். வெறும் முட்டைப் பொரியலுக்கு இவர்கள் ஏன் இவ்வளவு சந்தோஷப்படுகிறார்கள் என்று எனக்குப் பிடிபடவே இல்லை. என் கணக்கில் அன்றைய நட்டம் பெரியது: பெற்றோலுக்கு அறுபது டொலர், ஒரு முயல்.