கிளிக்கு லீவு கேட்ட ஷிஃபானா

போன திங்கட்கிழமை காலை. குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள் ஜமீலாவிடமிருந்து போன்.

"ஏளா, புள்ள ஊருக்கு வந்துட்டா. வந்ததுலேருந்து ரூமை விட்டு வெளிய வர மாட்டேங்கா. சாப்பிடவும் மாட்டேங்கா. நீ ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்."

ஜமீலா என் கல்லூரித் தோழி. காயல்பட்டினத்தில் வீடு, கணவருக்கு துபாயில் வேலை. 'புள்ள' என்றது மூத்த மகள் ஷிஃபானாவை. பி.எஸ்சி. விலங்கியல் முடித்தவள். அடுத்து பி.எட்.தானே என்று ஊரே கேட்டபோது, "இல்ல, எக்ஸாடிக் அனிமல் கேர்" என்று சொல்லி எல்லோரையும் முழிக்க வைத்தவள். அதாவது இகுவானா, வெளிநாட்டுக் கிளி, ஆமை... இவற்றையெல்லாம் பராமரிக்கிற வேலை.

கால்நடை மருத்துவ சீட் கிடைக்கவில்லை. மிச்சம் இருந்த ஒரே வாசல் இன்டர்ன்ஷிப். மெயில் மேல் மெயில் போட்டாள். பாதிப் பேர் பதிலே போடவில்லை. பதில் போட்டவர்கள், "முன் அனுபவம் உண்டா?" என்று கேட்டார்கள். அது இல்லாததால்தானே ஐயா, இன்டர்ன்ஷிப் கேட்கிறாள்?

கடைசியில் ஒரு வனவிலங்கு மீட்பு மையத்தில் இரண்டு மாதம் கிடைத்தது. கூண்டு கழுவினாள், பழம் நறுக்கினாள், தினமும் பறவைகளை எடை போட்டு நோட்டில் எழுதினாள். அங்கே இருந்த டாக்டரம்மா அவளுக்கு ஒன்றைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்: பறவை தன் நோயை மறைக்கும். வெளியே காட்டுகிறது என்றால், ஏற்கெனவே லேட்.

வேலை? இன்னும் கொஞ்சம் அனுபவம் வேண்டுமாம். அதனால் இரண்டாவது இன்டர்ன்ஷிப். ஒரு மலை ஊரில், சுற்றுலாப் பயணிகள் வந்து போகிற தனியார் பறவைப் பூங்கா. ஜமீலா தயங்கினாள். "விடுளா, புள்ள ஆசைப்படுதா" என்று பேசிப் பேசி அனுப்பி வைத்ததே நான்தான்.

நான் போனபோது ஷிஃபானா ஜன்னலை மூடிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் ஒரு ஃபைலை எடுத்து நீட்டினாள். உள்ளே கெட்டி அட்டையில் சர்டிஃபிகேட். 'எக்ஸலென்ட்' என்று போட்டிருந்தது.

"நல்லாத்தானே குடுத்திருக்காங்க?"

"அந்தக் கிளி செத்துப்போச்சு ஆன்ட்டி."

எனக்கு அந்தக் கிளியைத் தெரியும். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி. வருகிறவர்கள் தோளில் உட்காரவைத்து போட்டோ எடுப்பார்கள். "ஸ்மைல் ப்ளீஸ்" என்று சொல்ல அதைப் பழக்கியிருந்தார்கள். எனக்குக்கூட வீடியோ அனுப்பியிருந்தாள்.

ஒரு புதன்கிழமை அதன் எடை இறங்கியிருக்கிறது. வியாழக்கிழமை பேச்சு நின்றுவிட்டது. இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறது. இவள் மேனேஜரிடம் போயிருக்கிறாள்.

"சார், இதுக்கு ஒரு வாரம் லீவு குடுங்க. டாக்டரை வரச் சொல்லுங்க."

"கிளிக்கு லீவா? மெடிக்கல் சர்டிஃபிகேட் வெச்சிருக்கா?"

சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்திருக்கிறார்கள். பிறகு அவர் சாவகாசமாகச் சொன்னாராம்: "சனி, ஞாயிறு கூட்டம் வரும். திங்கட்கிழமை பாத்துக்கலாம்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எனக்கு போன் செய்தாள். நான் எங்கள் ஊர்க் கடற்கரையில் நடந்துகொண்டிருந்தேன். துறைமுகம் பக்கம் ஒரு கப்பல் நின்றது, நல்ல காற்று. முழுக்கதையையும் சொல்லிவிட்டுக் கேட்டாள்: "நான் அதை யார் தோளுலயும் தூக்கி வெக்க மாட்டேன்னு சொல்லிரட்டுமா ஆன்ட்டி?"

"உனக்கு இன்னும் எத்தனை நாள் பாக்கி?"

"பத்து நாள்."

"பத்து நாள்தானே! சண்டை போட்டு சர்டிஃபிகேட்டைக் கெடுத்துக்காத. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ. நீ வேலைக்குப் போயி இது மாதிரி நூறு கிளியைக் காப்பாத்தலாம்லா?"

"சரி ஆன்ட்டி."

போனை வைத்துவிட்டு நிம்மதியாகச் சுண்டல் வாங்கிச் சாப்பிட்டேன். பெரிய மனுஷி அல்லவா? பக்குவமாக அறிவுரை சொன்ன திருப்தி!

சனிக்கிழமை முழுக்க க்யூ. ஞாயிறு அதைவிட. ஒவ்வொரு தோளிலும் அந்தக் கிளியைத் தூக்கி வைத்தது ஷிஃபானாதான்.

"மூச்சு விடும்போது வால் மேலயும் கீழயும் ஆடுச்சு ஆன்ட்டி. அப்படி ஆடுனா மூச்சுக்குத் திணறுதுன்னு எனக்குத் தெரியும். அங்கன எனக்கு மட்டும்தான் தெரியும்."

ஞாயிறு மதியம், யாரோ ஒருவர் தோளில் இருந்தபோது கிளியின் பிடி நழுவியது. கீழே விழுவதற்குள் இவள் இரண்டு கையாலும் பிடித்துவிட்டாள். பின்னால் தீவன மூட்டைகள் இருக்கிற அறைக்கு ஓடினாள். அங்கேயே, அவள் கைக்குள்ளேயே அடங்கிவிட்டது.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "சரி, சரி. அந்தச் சிவப்புக் கிளியை எடுத்துட்டு வா. க்யூ நிக்குது."

இதைச் சொல்லிவிட்டு அவள் என்னையே பார்த்தாள்.

"எடுத்துட்டுப் போனேன் ஆன்ட்டி. கையைக்கூடக் கழுவல. எடுத்துட்டுப் போயி அடுத்த ஆள் தோளுல வெச்சேன்."

மிச்ச நாட்களையும் முடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். எக்ஸலென்ட்!

"நான்தானேளா உன்னை..." என்று ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை.

"நீங்க சொன்னீங்க. செஞ்சது நான்தானே."

திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. பொறுத்துக்கொள், அனுசரித்துப் போ என்று வாராவாரம் பத்திரிகையில் நான் எழுதுகிற இதே பத்தியில் எத்தனை பிள்ளைகளுக்கு எழுதியிருப்பேன்? பொறுத்துக்கொள்ளப்போவது யார் என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கிறேனா? அன்றைக்குப் பொறுத்துக்கொண்டது அந்தக் கிளி.

அப்போது அவள் போனை என் பக்கம் திருப்பினாள். அந்த மேனேஜரிடமிருந்து மெசேஜ். பூங்காவில் ஒரு வேலை காலியாக இருக்கிறதாம். 'உன்னை மாதிரி அட்ஜஸ்ட் பண்ணிப் போற பொண்ணுதான் எங்களுக்கு வேணும்.'

இத்தனை மாத அலைச்சலில் அவளுக்கு வந்த ஒரே வேலை அழைப்பு அதுதான்.

என் கண் முன்னாலேயே 'வரல சார்' என்று பதில் போட்டாள். பிறகு போனிலேயே அடுத்த பக்கத்தைத் திறந்தாள். பி.எட். விண்ணப்பம், பாதி நிரப்பியிருந்தது. மீட்பு மையத்தில் எழுதிய நோட்டு எங்கே என்று கேட்டேன். பழைய பேப்பரோடு போட்டுவிட்டாளாம்.

கிளம்பும்போது ஜமீலா வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏளா, அவகிட்ட நல்லதா நாலு வார்த்தை சொல்லிட்டுப் போயேன். நீ சொன்னா கேப்பா."

கேட்பாள். அதனால்தான் எதுவும் சொல்லாமல் பஸ் ஏறினேன்.