அன்புவழிபுரத்துக் கனடா அடுப்பு

திருகோணமலையில் ஒருவருக்குக் குளிர வேண்டுமென்றால் முதலில் அவருக்குக் காய்ச்சல் வர வேண்டும். மார்கழி மழையிலும் மின்விசிறியைச் சுழலவிட்டுத்தான் படுக்கிறோம். அப்படிப்பட்ட ஊரில், வீட்டு ஹோலுக்குள் குளிர்காய அடுப்புக் கட்டியவர் அன்புவழிபுரத்தில் எங்கள் ஒழுங்கைத் தெருவில் இருக்கும் தம்பிராசா அண்ணை.

நான் அதே ஒழுங்கை முகப்பில் விறகுகாலை வைத்து விறகு விற்கிறேன். பெயர் ராசமலர். காஸ் தட்டுப்பாட்டுக் காலத்தில் டாக்டர்மாரும் பள்ளிக்கூட அதிபர்மாரும் என் படலையில் வரிசையில் நின்று என்னை அக்கா என்றார்கள். காஸ் வந்த பிறகு கண்டால் தலையை மறுபக்கம் திருப்புகிறார்கள். ஆகவே மனிதரைப் பற்றி எனக்குப் பெரிய நம்பிக்கைகள் இல்லை என்பதை முதலே சொல்லிவிடுகிறேன்.

தம்பிராசா அண்ணை துறைமுகத்தில் முப்பது வருடம் களஞ்சியப் பொறுப்பில் இருந்தவர். கேட்டால் சொல்வார், கேட்காவிட்டால் இன்னும் கூடச் சொல்வார். ஓய்வு பெற்றதும் மகள் சிவானுஜா அவரையும் மனைவி பாக்கியரத்தினம் அக்காவையும் கனடாவுக்குக் கூப்பிட்டு ஆறு மாதம் வைத்திருந்தாள். திரும்பி வந்த மனிதர் எங்கள் தண்ணீரைக் குடித்தாலும் கனடாத் தண்ணீரைப் பற்றித்தான் கதைத்தார். மகள் வீட்டுச் சுவருக்குள் ஓர் அடுப்பு இருந்ததாம். ஒவ்வொரு நாளும் தானே மரம் கொத்தி அதில் எரித்தாராம். இதை அவர் சொல்லும்போதெல்லாம் பாக்கியக்கா எழும்பிக் குசினிக்குப் போய்விடுவா. ஏன் என்று எனக்கு அப்போது தெரியாது.

ஒருநாள் கிண்ணியாவிலிருந்து மேசன் முஹம்மது தம்பி நானா வந்து இறங்கினார். நல்ல வேலைக்காரன். செங்கல்லால் அழகாக வாய் வைத்து, புகைக்கூட்டைக் கூரை முகட்டுக்கு மேலே மூன்று அடி உயர்த்தினார். “ஐயா, இது மூச்சு விடுற வழி. மழைக்கு மூடி போடுறதெண்டா நாலு கால் வைச்சு உயர்த்திப் போடுங்க. பக்கத்தால புகை போக வேணும்” என்று என் முன்னாலேதான் சொன்னார். ஆவணி மாதத்தில் அடுப்பைப் பற்றவைத்து ஒழுங்கை முழுவதையும் கூப்பிட்டுக் காட்டினார் அண்ணை. புகை ஒழுங்காக மேலே போனது. நாங்கள் ஒழுங்காக வியர்த்தோம். பார்த்துவிட்டு எல்லோரும் வெளியில் ஓடிப்போய் நின்றோம்.

ஐப்பசியில் மழை பிடித்தது. புகைக்கூட்டால் தண்ணீர் ஒழுகி, கனடாவில் வாங்கிய கம்பளம் நனைந்தது. மேசனைக் கூப்பிடுவது மரியாதைக் குறைவல்லவா? அண்ணை தானே ஏணி வைத்து ஏறி, ஒரு பழைய அலுமினியச் சட்டியைக் கூட்டின் வாயில் கவிழ்த்து, சுற்றிவரச் சீமெந்தும் பூசினார். என் விறகுகாலையிலிருந்து பார்த்தால் அது பளபளவென்று தெரியும்.

“அண்ணை, புகை எந்த வழியால போறது?” என்று கேட்டேன்.

“புகைக்குப் போகத் தெரியும் பிள்ளை. கனடாவில எல்லாம் மூடித்தான் கிடக்கு.”

கெடுகுடி சொற்கேளாது. வேறென்ன சொல்ல.

பிறகு விறகு வாங்க வந்தார். என்னிடம் எட்டு மாதம் காய்ந்த வீரை, பாலை மர விறகுக் கொள்ளிகள் கொட்டிலுக்குள் கிடந்தன. காய்ந்த விறகு நுனியில் வெடித்திருக்கும், பட்டை தானாகக் கழலும், இரண்டைத் தட்டினால் ‘ணங்’ என்று கேட்கும். பச்சை விறகு ‘தொப்’ என்னும். தட்டிக் காட்டினேன். அவர் என் வீரைக் கொள்ளியை, செத்த எலியைத் தூக்குவது போல இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

“இது குசினிக்குச் சரி பிள்ளை. ஹோலுக்கு வைக்க ஒரு தரம் வேணும்.”

அந்தத் தரத்தை அவர் துறைமுகத்திலிருந்து கொண்டுவந்தார். கப்பலில் சாமான் வந்த பெட்டிகளின் உடைந்த பலகை. மஞ்சள் பெயின்ற், கறுத்த முத்திரை, பூச்சி அரிக்காமல் போட்ட ஏதோ மருந்து மணம். “அண்ணை, உந்தப் பலகையை வீட்டுக்குள்ள எரிக்கக் கூடாது. அக்காவுக்குத் தொய்வு, மூச்சு இழுக்கும்” என்றேன். “வெளிநாட்டு மரம்” என்றார், ஏதோ குலம் கோத்திரம் சொல்வதைப் போல. பிறகு அந்தப் பலகையைக் காற்றே படாமல் பொலித்தீனால் சுற்றிக் கட்டி வைத்தார். உள்ளே அது வேர்த்துப் பூஞ்சணம் பிடித்தது.

தைப்பொங்கலுக்கு முதல் நாள் பாக்கியக்கா என் விறகுகாலைக்கு வந்தா. ஒழுங்கையை நடந்து வரவே மூச்சு இழுத்தது. தொய்வுக்கு அடிக்கும் பம்ப் கையிலேயே இருந்தது.

“முற்றத்தில வெள்ளமாம். ஹோல் அடுப்பில பொங்கப் போறாராம். கனடாவுக்குப் போன்ல காட்டவாம். எனக்குப் பயமாக் கிடக்கு மலர். நீ வந்து பக்கத்தில நில்லன்.”

“வேண்டாமெண்டு சொல்லுங்கோவன் அக்கா.”

“நாப்பது வருஷமாச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறன்.”

பொங்கலன்று விடியப் போனேன். மழையோடு வாடைக்காற்று அடித்தது. ஹோலில் பத்துப்பேர். போனில் காற்று இரைகிறது என்று அண்ணை யன்னல்களையெல்லாம் பூட்டி, கதவையும் சாத்தினார். பட்டுச்சீலையோடு பாக்கியக்காவை அடுப்பு வாசலில் குந்த வைத்தார். பானை அடுப்புக்குள் இரும்பு முக்காலியில் ஏறியது. போனில் சிவானுஜா.

“பாக்கியம், பொங்குற வரைக்கும் எழும்பக் கூடாது. ஒரே வீடியோவா வரவேணும்” என்றார் அண்ணை.

வெளிநாட்டு மரம் எரியவில்லை, சிணுங்கியது. அண்ணை மண்ணெண்ணெய் ஊற்றினார். மஞ்சள் பெயின்ற் கொப்பளித்தது. புகை ஒருமுறை மேலே போய், சட்டியைப் பார்த்துவிட்டு, வந்த வழியே ஹோலுக்குள் இறங்கியது. எல்லோரும் இருமினோம். யாரும் அசையவில்லை. பொங்குமுன் பொங்கலடுப்பை அணைத்தால் அந்த வருடமே உருப்படாது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியுமே. படித்தவர், படிக்காதவர், என்னைப் போல வாய்க்காரி, எல்லோரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு பாலைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷமும் இருந்தது. இந்த மனிதர் போனுக்கு முன்னால் வெட்கப்பட வேண்டும், அதை நான் பார்க்க வேண்டும் என்று நின்றேன். அதற்காக இன்றைக்கும் எனக்கு என்மேல் கோபம்.

“அப்பா, என்ன உந்தப் புகை?” என்றாள் சிவானுஜா.

“அது முதல்ல வரும் மகள். உங்கட வீட்டிலயும் வாறதுதானே.”

“எங்கட வீட்டில இருக்கிறது காஸ் அடுப்பு அப்பா. சுவிச்சைப் போட்டாப் பத்தும். அதில தெரியிற கட்டை சும்மா சீமெந்து. யன்னலைத் திறவுங்கோ.”

மரம் கொத்திய கை போனைப் பிடித்தபடியே நின்றது. சிரிக்கலாம் என்று நான் வாயைத் திறந்தபோதுதான் கவனித்தேன். பாக்கியக்காவின் இருமல் நின்றிருந்தது. தொய்வுக்காரருக்கு இருமும் வரைக்கும் பயமில்லை. அவவின் தோள் மட்டும் ஏறி இறங்கியது. உதடு நாவற்பழ நிறம். பம்ப் கைநழுவிக் கோலத்தில் கிடந்தது.

நான் கதவை உதைத்துத் திறந்து, அவவின் கக்கத்தில் கைகொடுத்து மழைக்குள் இழுத்தேன். கிழிந்தது பட்டுச்சீலை. பம்ப்பை எடுத்து வந்து வாயில் வைத்து அடித்துவிட்டு, திரும்பி ஓடி, வாசலில் நின்ற குரோட்டன் செடிச் சாடியைக் கவிழ்த்து மண் முழுவதையும் அடுப்பில் கொட்டினேன். பாலுக்குள்ளும் மண் விழுந்தது.

“பொங்கேல்லைப் பிள்ளை” என்றார் அண்ணை. மனைவி வெளியில் கிடக்கிறா, இந்த மனிதர் பால் பொங்கவில்லை என்கிறார். அந்த முகத்தில் அந்தச் சாடியையே போட்டிருக்கலாம். யாரோ கூப்பிட்ட ஓட்டோ வந்துவிட்டது, அவர் தப்பினார்.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள். முதல்நாள் இரவு பிழைப்பாவா என்று டாக்டரே சொல்லவில்லை. பார்க்க வந்தவர்களிடம் அண்ணை சொன்ன விளக்கம் என் காதுக்கும் வந்தது: ராசமலரின் விறகு சரியில்லையாம். அந்த வீட்டுக்கு நான் ஒரு சுள்ளிகூடக் கொடுத்ததில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர் அடுத்த வீட்டுக் கூடத்தையே கோணல் என்றார். பாக்கியக்கா ஒட்சிசன் முகமூடியைக் கழற்றி, ஒவ்வொரு சொல்லாக மூச்சு எடுத்துச் சொன்னாவாம்: “மலர்... இல்லாட்டி... நான்... இல்லை.” அதற்குப் பிறகு அந்தக் கதை நின்றது.

வீட்டுக்கு வந்ததும் அக்கா மேசனைக் கூப்பிட்டா. அடுப்பை இடிப்பா என்று நினைத்தேன். “அந்த வாயில இருந்து மூண்டு கல்லு மட்டும் கழட்டித் தாங்க” என்றா. முஹம்மது தம்பி நானா ஒன்றும் கேட்காமல் கழற்றி, முற்றத்தில் முக்கோணமாக வைத்துவிட்டுப் போனார். வாயில் மூன்று பல் விழுந்த கனடா அடுப்பு இன்றைக்கும் ஹோலில் இருக்கிறது. அதற்குள் செருப்பு வைக்கிறார்கள்.

தைப்பூசத்தன்று வானம் வெளித்தது. தவறிப்போன பொங்கலை அன்றைக்கு முற்றத்தில் பொங்குவதென்று முடிவாகியிருந்தது. விடியவே அண்ணை என் விறகுகாலைக்கு வந்து இரண்டு வீரைக் கொள்ளியை எடுத்துத் தட்டினார்.

“கேட்டியே பிள்ளை? ‘ணங்’ எண்டுது. இப்பிடித்தான் பாத்து எடுக்க வேணும். உங்களுக்கு இதெல்லாம் ஆர் சொல்லித் தாறது?”

நான் தராசில் நிறுத்துக் கொடுத்தேன். கதைத்து என்ன.

புகை ஒரு சொட்டும் படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆகவே பாக்கியக்கா காற்று வரும் பக்கமாகப் படலையடியில் கதிரை போட்டு இருந்தா. மூன்று கல்லின் முன்னால் குந்தியவர் தம்பிராசா அண்ணை. குந்தினவுடன் என்னைப் பார்த்து, கனடாவில் இப்போது எல்லோரும் வெளியில்தான் சமைக்கிறார்கள் என்றார். வீரை நன்றாகவே எரிந்தது. ஆனால் காய்ந்த விறகுக்கும் கொஞ்சம் புகை உண்டு. அது முழுவதும் அவர் முகத்துக்கே போனது. கண்ணைத் துடைத்தார். இருமினார். ஒரு கையை நிலத்தில் ஊன்றி எழும்பப் பார்த்தார்.

பாக்கியக்கா சத்தம் போடவில்லை. மடியில் பம்ப்பை வைத்துக்கொண்டு, நிதானமாகச் சொன்னா:

“பொங்குற வரைக்கும் எழும்பக் கூடாது.”

அவர் திரும்பவும் குந்தினார்.