செவ்வாய்ப் புழு

துடியலூர் தாண்டி மேட்டுப்பாளையம் ரோட்டில் இருந்த அந்த ஃபவுண்டரியில் மதிவதனியை யாருக்கும் பிடிக்காது. அவளுக்கும் அங்கே யாரையும் பிடிக்காது. லேப்பில் அவள் ஒருத்திதான் டெக்னீசியன். உருக்கி ஊற்றிய பம்ப்பு உறையிலிருந்து ஒரு துண்டு வெட்டி, கண்ணாடி போலத் தேய்த்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, தேறும் தேறாது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. தேறாது என்று எழுதிவிட்டால் அந்த லாட்டு முழுவதும் மறுபடி உலைக்குப் போகவேண்டும். சூப்பர்வைசர் நஞ்சுண்டன் முதலில் கெஞ்சுவார், அப்புறம் திட்டுவார். ஆறு வருஷத்தில் ஒருமுறைகூட அவள் எழுதியதை அடித்து எழுதியதில்லை.

அவளுடைய அப்பா அங்கப்பனும் அம்மாவும் கோபிசெட்டிபாளையம் பக்கம் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர்கள். பாலிடெக்னிக்கில் உலோகவியல் முடித்துவிட்டு வேலைக்கு வந்தபோது என்ன மார்க் என்று அவளை யாரும் கேட்கவில்லை. எந்த ஊர் என்று கேட்டார்கள். ஊரைச் சொன்னதும் எந்தத் தெரு என்று கேட்டார்கள். தெருவைச் சொன்ன அன்றிலிருந்து அவள் டீயைத் தன் வீட்டிலிருந்தே ஃபிளாஸ்க்கில் கொண்டுவந்தாள்.

தொண்ணூற்றாறு ஆகஸ்டில் அந்தச் செய்தி பேப்பரில் வந்தது. செவ்வாய்க் கிரகத்திலிருந்து சிதறி வந்து விழுந்த கல் ஒன்றில் உயிர் இருந்ததற்கான தடயம் இருக்கலாம் என்று அமெரிக்க விஞ்ஞானிகள் சொல்லியிருந்தார்கள். கூடவே புழு மாதிரி ஒரு படம்.

முதலாளி பொங்கியண்ணனின் மகன் சரவணன் அமெரிக்காவில் இரண்டு வருஷம் படித்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தான். அந்தப் படத்தைப் பெரிதாக்கி லேப் சுவரில் அவனே ஒட்டினான். வருகிற வியாபாரிகளை எல்லாம் கூட்டிவந்து காட்டினான்.

"செவ்வாயில உசுரு இருந்திருக்குதுங்க. இனிச் சந்தேகமே இல்லீங்க."

மூன்றாம் நாள் மதிவதனி மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள். "இருக்கலாம்னுதானுங்க சார் போட்டிருக்குது. இருந்துச்சுன்னு போடலீங்க. இந்த மாதிரிப் புழு நம்ம இரும்புலயே தெனமும் தெரியுதுங்க."

வந்திருந்த வியாபாரி சிரித்தார். சரவணனுக்குக் காது சிவந்துபோனது.

"அம்மணி, நீ இரும்ப மட்டும் பாரு. வானத்தப் பாக்கறதுக்கு வேற ஆளுக இருக்கறாங்க."

வானத்தைப் பார்க்க அவளுக்கு யாருடைய அனுமதியும் தேவைப்பட்டதில்லை. நூலகத்தில் கிரகங்களைப் பற்றி இருந்த நாலு புத்தகங்களையும் பள்ளிக்கூட நாளிலேயே அவள் மனப்பாடமாகப் படித்திருந்தாள். எங்கேயாவது ஏதாவது உயிரோடு இருக்க வேண்டும் என்று சரவணனைவிட அவள்தான் அதிகம் ஆசைப்பட்டாள். அதை அவன் இத்தனை மலிவாகக் கண்டுபிடித்துவிட்டதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

ஆயுத பூஜை அன்று வியாபாரிகளுக்கும் தொழிலாளிகளுக்கும் சரவணன் ஸ்லைடு போட்டுக் காட்டிப் பேசுவது என்று ஏற்பாடு. லேப் படங்களை டவுனில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்துக் கழுவி வாங்குவது மதிவதனியின் வழக்கம் என்பதால், ஸ்லைடு செய்துவாங்கி அன்று திரையில் போடும் வேலையும் அவளிடமே வந்தது. அவன் கொடுத்த படங்களோடு தன்னுடையது ஒன்றையும் அவள் சேர்த்துக் கொடுத்தாள். செவ்வாய்ப் புழுவின் ஸ்லைடு இருக்க வேண்டிய இடத்தில் தன்னுடையதை அடுக்கினாள்.

பூஜை முடிந்து, பொரி சுண்டல் கொடுத்து, ஷெட்டின் ஜன்னல்களைச் சாக்கால் மறைத்தார்கள். புரொஜெக்டருக்குப் பக்கத்தில் மதிவதனி நின்றாள். சரவணன் நன்றாகத்தான் பேசினான். ஐந்தாவது ஸ்லைடு விழுந்ததும் குச்சியால் திரையைத் தொட்டான்.

"இதப் பாருங்க. இது தலை, இது வாலு. முன்னூத்தி அறுவது கோடி வருசத்துக்கு முந்தி செவ்வாயில இருந்த உசுரு இது."

"சார், அது நம்ம ரெண்டிஞ்சு பம்ப்பு உறைங்க" என்றாள் மதிவதனி. "ஆவணியில ஊத்துன லாட்டு. அந்த வாலுங்கறது கிராஃபைட்டுங்க, இரும்புக்குள்ள படியற கரி."

முன்வரிசையில் இருந்த நரசிம்மலு, பொங்கியண்ணனிடம் இருபது வருஷமாகப் பம்ப்பு வாங்குகிறவர், வயிறு குலுங்கச் சிரித்தார். பின்னால் இருந்த தொழிலாளிகளும் சிரித்தார்கள். பொங்கியண்ணன் சிரிக்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் சரவணன் லேப்புக்கு வந்தான். "சேத்துல நின்ன கூட்டம். உன்னயக் கொண்டாந்து ஏசி ரூம்புல உக்கார வெச்சதுக்கு இது வேணும் எங்களுக்கு."

"சேத்துல நின்னவங்களுக்குப் புழு எதுன்னு தெரியுமுங்க சார்."

அவன் கையை ஓங்கினான். என்ன நினைத்தானோ, சுவரில் இருந்த படத்தைக் கிழித்துப்போட்டுவிட்டுப் போனான்.

மறுநாள் முதல் அவளுக்கு வார்ப்பு அச்சுக்கு மணல் கலக்கும் இடத்தில் வேலை. அங்கே கூட்டிப் பெருக்கும் காளியாத்தாள் ஒருத்திதான் பேச்சுக் கொடுத்தாள்.

"ஏங்கண்ணு, அப்ப அங்க ஒண்ணுமே இல்லியா?"

"தெரியலீங்க அக்கா. யாருக்குந் தெரியாது."

"தெரியாததுக்கா இத்தன வம்பு?"

"தெரியாததத் தெரியும்னு சொன்னதுக்குத்தானுங்க."

"உன்ற வாயே உனக்கு ஆவாது" என்று காளியாத்தாள் விளக்குமாறை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள்.

பத்தொன்பதாம் நாள் மதிவதனி ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்தாள். அவள் பார்க்காத லாட்டுக்குத் தேறும் என்று எழுதியிருந்தது. கீழே அவளுடைய பெயர்; எழுத்து நஞ்சுண்டனுடையது. அந்தத் தாளை மடித்துப் பொங்கியண்ணனின் மேஜைமேல் வைத்து, "இனி வரமாட்டேனுங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். அவர் இரு என்று சொல்லவில்லை. நான்கு மாதம் சும்மா இருந்தாள். பிறகு கணபதி என்ற பகுதியில், பல கம்பெனிகளுக்குப் பரிசோதனை செய்து கொடுக்கும் ஒரு லேப்பில் வேலை கிடைத்தது. அங்கேயும் அவளை யாருக்கும் அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

அந்தச் செவ்வாய்க் கல்லைப் பற்றி விஞ்ஞானிகளுக்குள்ளேயே சண்டை நடப்பதாக அவ்வப்போது பேப்பரில் வந்தது. உயிரே இல்லாமலும் அந்த வடிவம் உண்டாகலாம் என்று சிலர் எழுதினார்கள். படித்தபோது அவளுக்குச் சந்தோஷம் எதுவும் வரவில்லை.

தொண்ணூற்றெட்டில் ஒருநாள் பொங்கியண்ணன் ஃபவுண்டரியின் வார்ப்பு ஒன்று அவள் மேஜைக்கு வந்தது. வெளிநாட்டு ஆர்டருக்காம், வெளி லேப்பின் சான்று வேண்டுமாம். அனுப்பியவர் சரவணன். மதிவதனி அதை மூன்று இடத்தில் வெட்டினாள். மூன்றையும் தேய்த்துப் பார்த்தாள். ஒரு ஓட்டை, ஒரு விரிசல், ஏதாவது கிடைக்க வேண்டும் என்று மனதாரக் கெடுதல் நினைத்துக்கொண்டு மத்தியானச் சோற்றையும் விட்டுவிட்டுத் தேடினாள். கண் எரிந்ததுதான் மிச்சம். வார்ப்பு சுத்தமாக இருந்தது.

அவனைச் சபித்துக்கொண்டே தேறும் என்று எழுதி, கையெழுத்துப் போட்டாள்.