கிமோனோ கட்டிவிட்ட ஒகாசான்

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். முதலில் விமானம் ஏறியவள் என் மனைவி. தோழிகளோடு ஜப்பான் போனவள், நெல் விளையும் ஒரு கிராமத்து வீட்டில் தங்கியிருந்தாள்.

மன்னார்குடியிலிருந்து நான் போன் செய்தால் எப்போதும் ஒகாசான் பேச்சுதான். "ஒகாசான் எனக்குக் கிமோனோ கட்டிவிட்டாங்க. கையைப் பிடிச்சு நாத்து நடக் கூட்டிட்டுப் போனாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அந்த ஆளு வீட்டை விட்டு உடனே கிளம்பு. இல்லேன்னா இங்க வராதே!" என்று கத்திவிட்டேன்.

அவள் வீடியோவில் வந்து, பக்கத்திலிருந்த நரைத்த தலை அம்மாளைக் காட்டினாள். "ஒகாசான்னா அம்மான்னு அர்த்தங்க. வீட்டுக்காரம்மாவை இங்க அப்படித்தான் கூப்பிடுறோம். 'கட்டிவிட்டாங்க'ன்னா உடனே ஆம்பளையா?"

அந்த அம்மாள் என்னைக் குனிந்து வணங்கினார். நல்லவேளை, அவருக்குத் தமிழ் தெரியாது.

இப்போதெல்லாம் மனைவி யாரைப் பற்றிப் பேசினாலும், கோபப்படுமுன் "யாரும்மா அவங்க?" என்று கேட்டுக்கொள்கிறேன். "அதுவும் பொறாமைதான்" என்கிறாள்.