பரிசத்தன்று முனுசாமி பாடிய பதிகம்

பினாங்குத் தீவின் சுங்கை பினாங் அடுக்குமாடியில் எவர் இறந்தாலும் பதிகம் ஓத முனுசாமியையே அழைப்பார்கள். மாக் மண்டின் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது எழுபத்திரண்டு. நல்ல காரியத்துக்கு அவரை அழைத்தவர் எவருமில்லை. ஆகவே, சொந்த மகள் தனுஜாவின் பரிசத்தில் தாமே பாடுவதென்று அவர் தீர்மானித்தபோது, மனைவி லோகேஸ்வரிக்குச் சோறு இறங்கவில்லை.

காரணம் இருந்தது. அவர் பாடவிருந்த மங்கலப் பதிகமும், சாவு வீட்டில் உலக்கையால் சுண்ணம் இடித்தபடி பாடும் பதிகமும் ஒரே பண்ணில் அமைந்தவை. வீட்டில் பாடிப் பார்க்கும்போதெல்லாம் நான்காம் பாட்டில் அவர் நா தானாகவே சாவு வீட்டுக்குத் திரும்பியது. அவள் அவரை மருத்துவரிடம் அழைத்துப் போனாள்.

"இது மறதி இல்லம்மா," என்றார் டாக்டர் ஸஹ்ரா. "ஐயாவுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. வேணாததை நிறுத்துற பிரேக்தான் லூசாயிருச்சு. வயசானா வரும்."

"எனக்கும் அறுபத்தெட்டு ஆவுது டாக்டர். எனக்கு வரலையே?"

"வார்த்தைய ஞாபகம் வைக்கிறதுல பொம்பளைங்க சராசரியா கொஞ்சம் கெட்டி. ஆனா ஆளுக்கு ஆள் மாறும்லா."

பெண்கள் கெட்டி என்ற முதல் வாக்கியத்தை மட்டும் லோகேஸ்வரி வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

"ஃபோன்ல பாட்டப் போட்டுரலாங்க," என்று கெஞ்சினாள்.

"என் மவ பரிசத்துக்கு டெலிபோன் பாடணுமா?"

மாப்பிள்ளையின் தாய் வள்ளியம்மா சகுனம் பார்ப்பவள். பல்லி கத்தியதற்காகவே ஒருமுறை பரிசத் தேதியைத் தள்ளிவைத்தவள். சாவுப் பாட்டு காதில் விழுந்தால், கொண்டுவந்த சீர்த்தட்டுகளை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுவாள் என்பதில் ஐயமில்லை.

பரிசத்தன்று பாயான் பாரு மண்டபத்தில் முதல் மூன்று பாட்டும் குற்றமின்றி நிறைவேறின. நான்காவதில் நா திரும்பியது. நாற்காலிகளில் இருந்த ஆண்கள் தொடர்ந்து தலையாட்டினார்கள், பண் மாறவில்லையல்லவா? பாயில் இருந்த பெண்கள் அசைவற்றுப் போனார்கள். முனுசாமியின் வலக்கை மூடிக்கொண்டு, இல்லாத உலக்கையை ஏற்றி இறக்கத் தொடங்கியது. வள்ளியம்மாவின் பார்வை தட்டுகளின் மேல் நிலைத்தது.

தவறு என்று கூவினால் அதுவே பறைசாற்றியதாகிவிடும். லோகேஸ்வரி சபையில் ஒருநாளும் பாடியவள் அல்லள். எழுந்து நின்று, சரியான நான்காம் பாட்டை, எந்தச் சுருதியிலும் சேராத குரலில் உரக்கத் தொடங்கினாள். தானாக ஓடத் தொடங்கிய இயந்திரத்தைப் பார்ப்பதுபோல் முனுசாமி அவளைப் பார்த்தார். கை அந்தரத்தில் நின்றது. இரண்டாம் அடியில் ஒரு குரல் துணைக்கு வந்தது. வள்ளியம்மாவின் குரல். அடுத்து, பாயில் இருந்த அத்தனை பேரும் பாடினார்கள். முனுசாமியும் அவர்கள் பின்னே போய்ப் பதிகத்தை முடித்தார்.

"சம்பந்தி, நடுவுல பொம்பளைங்களையும் சேத்துவிட்டீங்க பாருங்க, சூப்பர்லா!" என்றார் மாப்பிள்ளையின் தந்தை சந்திரசேகரன்.

"அப்படித்தாங்க அமைச்சேன்," என்றார் முனுசாமி.

வள்ளியம்மா லோகேஸ்வரியின் அருகே வந்து குரலைத் தாழ்த்தினாள். "நாலாவது பாட்டுல என் மாமியார் சாவு அப்படியே கண்ணு முன்னால வந்துருச்சு அண்ணி."

லோகேஸ்வரி அருகிலிருந்த தட்டை நேராக்கினாள்.

"கேட்டுரலாம்னு நாக்கு துடிச்சுச்சு. அடக்கிக்கிட்டேன்," என்றாள் வள்ளியம்மா. "இவ்வளவு தட்டையும் யாரு திரும்பத் தூக்கிட்டுப் போறது?"

பிறகு தனுஜாவை அழைத்து, பரிசச் சேலையை அவள் கையில் வைத்தாள்.