கன்னி மூலையிலிருந்து அக்கினி மூலைக்கு

பெங்களூர் வெயிலைப் பற்றி யாராவது குறை சொன்னால் இந்த ஊர்க்காரர்களுக்குப் பொறுக்காது. பெற்ற பிள்ளையைத் திட்டியது போல முகம் சுருங்கிவிடும். ஆஸ்டின் டவுனில் நாங்கள் குடியிருந்த வீட்டின் ஓனர் இதில் எல்லோருக்கும் ஒரு படி மேல். அவர் தன் மனைவியோடு கீழே இருந்தார். நானும் என் மனைவியும் மொட்டை மாடிக்கு நேர் கீழே. ஏப்ரல் மதியத்தில் எங்கள் சமையலறைக் குழாயைத் திறந்தால் வெந்நீர்தான் வரும். அரிசி களையக்கூட மனம் வராது.

போய்ச் சொன்னேன். சிரித்தார்.

"வேலூர்லருந்து வந்துட்டு பெங்களூர் சூடுன்றீங்களே சார்! கெய்சர் தண்ணி மிக்ஸ் ஆகுது. ஆஃப் பண்ணி வைங்க."

வெந்நீர் போடும் கெய்சர் குளியலறையில் இருந்தது. அதிலிருந்து சமையலறைக்கு ஒரு குழாயும் வரவில்லை. அதையும் சொன்னேன். "ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க சார்" என்றார், அதாவது கொஞ்சம் பொறுத்துப் போங்கள் என்று. பதில் தெரியாதவர்களுக்கு இந்த ஊர் கொடுத்திருக்கும் வரம் அந்த வாக்கியம்.

மாடிக்கு ஏறிப் பார்த்தேன். கண் உள்ள எவனுக்கும் காரணம் புரிந்துவிடும். வீடு கட்டும்போது வாஸ்துக்காரர் ஒருவர், தொட்டி கன்னி மூலையில்தான் இருக்க வேண்டும், சமையலறை அக்கினி மூலையில்தான் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அதாவது தென்மேற்கில் தண்ணீர், தென்கிழக்கில் அடுப்பு. இரண்டுக்கும் நடுவே குழாய் எந்த வழியாக வரும் என்று அந்த மேதை யோசிக்கவில்லை. கறுப்புத் தொட்டியிலிருந்து கிளம்பிய குழாய், மாடித் தரையின் மேலேயே வீட்டின் முழு அகலத்துக்கும் வெயிலில் படுத்துக் கிடந்தது. தொட்டதும் கையை இழுத்துக்கொண்டேன். திறந்தவுடன் வருவது அதற்குள் கிடந்து காய்ந்த தண்ணீர். அது தீர்ந்தால் தொட்டியின் வெதுவெதுப்பு. குளிர்ந்த தண்ணீர் தரைக்கடித் தொட்டியான சம்ப்பில் இருந்தது. அதற்கு ஒரே ஒரு குழாய், ஓனர் வீட்டு வாசலில், பூட்டுப் போட்டு.

குழாயின் மேல் நானே சாக்கு சுற்றிக்கொள்கிறேன் என்று கேட்டேன்.

"சாக்கு போட்டா பில்டிங் லுக்கே போயிடும் சார். வாஸ்து பாத்துப் போட்ட லைன், கை வைக்காதீங்க."

மொட்டை மாடியின் லுக்கைக் காக்கையைத் தவிர யார் பார்க்கப் போகிறார்கள்?

அந்த மாதமே ஒரு ஞாயிறு மதியம், என் மனைவி அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தபோது வாணலி சாய்ந்து வலது கையில் எண்ணெய் கொட்டிவிட்டது. அலறிக்கொண்டே குழாயைத் திறந்து கையை நீட்டினாள். அடுத்த நொடி இன்னும் பலமாக அலறினாள். அவளை இழுத்துக்கொண்டு கீழே ஓடினேன். ஓனர் வாசலில் நின்று நிதானமாகக் கேட்டார்.

"சாவி எங்க வச்சேன்னு பாக்கணும் சார். டாக்டர்கிட்ட போகலாமில்ல?"

அவர் மனைவிதான் உள்ளிருந்து ஓடிவந்து, அவளைத் தங்கள் சமையலறைக்குக் கூட்டிப்போய் குழாயடியில் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த வீட்டுச் சமையலறைக்கு சம்ப் தண்ணீர் வருகிறது என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. மற்றவர்களுக்கு வாஸ்து, தனக்கு சம்ப். அந்த மனிதரிடம் அதற்குப் பிறகு நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

காயம் ஆறியது, தழும்பு மறையவில்லை. அடுத்த மாதம் வீட்டைக் காலி செய்தோம். சாமான் கட்டிக்கொண்டிருந்தபோது ஓனர் புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடியை வீடு காட்டக் கூட்டிவந்தார். ஃபேன்கூட வேண்டாம், இயற்கை ஏசி என்று அளந்துகொண்டிருந்தார். அந்தப் பெண் சமையலறைக் குழாயைத் திறந்து, சட்டென்று விரலை எடுத்துக்கொண்டாள்.

"கெய்சர் மிக்ஸ் ஆகுதும்மா" என்றார் ஓனர்.

என் மனைவி கட்டிக்கொண்டிருந்த பெட்டியை விட்டு எழுந்துபோய்க் குழாயை மூடினாள். தழும்புக் கையாலேயே அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கை சுட்டுக்கிட்டா இந்தக் குழாய்கிட்ட வராதம்மா. கீழ ஓடு. இவர்கிட்ட சாவி கேட்டு நிக்காத, உள்ள அக்கா இருப்பாங்க, அவங்களக் கூப்பிடு."