குழந்தைகள் மூலையில் ஒரு காந்தள்

இன்று காலை ஆரணி பஸ் ஸ்டாண்டு எதிரில் ஒரு லோடு ஆட்டோவில் செடி விற்றுக்கொண்டிருந்தார்கள். ரோஜா, செம்பருத்தி, கறிவேப்பிலைக் கன்றுகளுக்கு நடுவில் கறுப்புப் பையில் ஒரு காந்தள். அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு. "ஸ்டேட் ஃப்ளவர் சார், எடுத்துகினு போங்க" என்றார் விற்பவர். வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். கஞ்சன் என்று நினைத்திருப்பார். நினைத்துக்கொள்ளட்டும்.

எங்கள் பக்கம் அதைக் கலப்பைக் கிழங்கு என்பார்கள். வேலியில் தானாக ஏறும், தானாகக் காயும். யாரும் தண்ணீர் ஊற்றி வளர்ப்பதில்லை. நான் வளர்த்தேன், பதினான்கு வருஷம். கிள்ளிப் போட்டாலே பிழைக்கும் ஓமவல்லியையும் சாகடித்தவன் நான். எனக்கு எதற்கு இந்த வேலை என்று நீங்கள் கேட்கலாம்.

அப்போது தாலுகா ஆபீஸில் சர்வேயராகச் சேர்ந்த புதிது. ஊரார் நிலத்தை அங்குலம் பிசகாமல் அளந்து கல் நடுவேன். அந்த வருஷம்தான் எங்களுக்கு ஒரு பெண் பிறந்து மூன்று நாள் இருந்தாள். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டபோது என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள். காந்தளின் இலை நுனியும் கிடைத்ததை அப்படித்தான் சுற்றிப் பிடிக்கும். கொடி ஏறுவதே அந்தப் பிடியில்தான். இதற்கு மேல் அந்த மூன்று நாளைப் பற்றி எழுத என்னால் முடியாது.

என் மனைவி ஸ்டெல்லா ஆபரேஷன் முடிந்து எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். நானும் மாமனாரும்தான் கொண்டுபோய் அடக்கம் செய்தோம். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் வடக்கு மூலை கைக்குழந்தைகளுக்கு. அங்கே கல் வைக்கும் வழக்கமில்லை, சிலுவையும் கிடையாது. வீட்டுக்கு வந்ததும் ஸ்டெல்லா கேட்டது ஒன்றே ஒன்று.

"எந்த எடம்னு மட்டும் காட்டுங்க. வேற எதுவும் கேக்க மாட்டேன்."

அடையாளத்துக்கு ரோஜா வைத்தேன், ஆடு தின்றது. சம்பங்கி வைத்தேன், அதையும் தின்றது. அப்போது தோட்டத்துச் சுவர் இடிந்து கிடந்தது. எங்களைவிட ஆடுகள்தான் தவறாமல் வந்துபோகும். சேவூரில் ஒரு வயலை அளக்கப் போனபோது வேலியில் காந்தள் பூத்திருந்தது. "இத்த ஆடு மாடு எதுவும் வாய் வெக்காது சார், வெஷம். தொட்டா கையக் கழுவிடுங்க" என்றார் வயல்காரர். அன்றே ஒரு கிழங்கைக் கேட்டு வாங்கி, காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து புதைத்தேன். ஏறுவதற்குப் பக்கத்து வீட்டுத் தறிக்காரர் மூங்கில் குச்சி கொடுத்தார். ஒருமுறை பூவை வாங்கிப் பார்த்துவிட்டு, "இந்தக் கலர்ல பாடர் போட்டா சேலை தூக்கிக் குடுக்கும்" என்றார். எங்கே பறித்தது என்று நான் சொல்லவில்லை.

முதல் தை மாதம் கொடி காய்ந்து, இருந்த இடமே தெரியாமல் போயிற்று. "அதுவும் போச்சா?" என்றாள் ஸ்டெல்லா. அந்தக் கோடை முழுக்க வெறும் மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றினேன். அதிகம் ஊற்றினால் கிழங்கு அழுகிவிடும் என்றுகூடத் தெரியாத மடையன். ஆடி மழைக்குப் பச்சை முளை வந்தது. ஓடிப்போய்ச் சொன்னேன். அடுப்பில் இருந்த உலையை இறக்கிவைத்துவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டாள். அதன்பின் ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் அந்தக் கொடியின் காலடியில்தான் மெழுகுவர்த்தி ஏற்றினாள். மண்ணைத் தடவிக்கொண்டே என்னென்னவோ பேசுவாள். நான் தள்ளி நின்றுகொள்வேன்.

முளை ஒவ்வொரு வருஷமும் பழைய குச்சிக்குக் கொஞ்சம் தள்ளி வரும். நானும் குச்சியைப் பிடுங்கி முளைக்குப் பக்கத்தில் நடுவேன். ஏன் தள்ளி வருகிறது என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. பிறகு ஒன்று இரண்டாயிற்று, இரண்டு நாலாயிற்று. பரவுகிறது என்று சந்தோஷப்பட்டேன்.

பத்து வருஷம் கழித்துக் கலசப்பாக்கம் பக்கம் ஒரு நிலத்தை அளக்கப் போனேன். அங்கே இதையே மருந்துக்குப் போகும் விதைக்காகப் பயிர் வைத்திருந்தார்கள். விவசாயி ஒரு கிழங்கைத் தோண்டிக் காட்டினார், இரண்டாகக் கிளைத்துக் கலப்பை போலவே இருந்தது.

"பழைய கெழங்கு அழுவிடும் சார். ரெண்டு முனையிலயும் புதுசு கட்டும். வருஷா வருஷம் நவுந்துகினே போவும், நட்ட எடத்துல நிக்காது."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் டேப்பை அப்படியே போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்தேன். அடக்கம் செய்த அன்று சுவரிலிருந்து இரண்டு அளவு எடுத்திருந்தால் போதும். அளப்பதற்குத்தானே சம்பளம் வாங்குகிறேன். நேராகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் நாலு கொடிகளையும் மாறி மாறிப் பார்த்தேன். எது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. மாமனார் அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தார். ஸ்டெல்லாவிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. மேலும் நாலு வருஷம் அவள் மெழுகுவர்த்தி ஏற்றினாள், நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

போன வருஷம் மழையில் பாம்பு வருகிறது என்று தோட்டத்தைச் சமன்செய்து, சுவரையும் புதிதாகக் கட்டினார்கள். நானும் நன்கொடை கொடுத்தேன். சிமென்ட் கல் பாதைக்கு மட்டும்தான் பதிப்பார்கள் என்று நினைத்தேன். திருநாள் அன்று போனால் வடக்கு மூலை முழுவதும் சிமென்ட் கல். கொடிகள் இல்லை, குச்சி இல்லை, மண்ணே இல்லை.

ஸ்டெல்லா பதறவில்லை. "உங்களுக்குத் தெரியும்ல. அளந்து சொல்லுங்க, கல்லு மேலயே ஏத்திக்கறேன்" என்றாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கிழங்கு நகர்ந்ததைச் சொன்னேன், நாலு வருஷமாக மறைத்ததையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"அப்ப இத்தினி வருஷமா யார் புள்ளைகிட்டங்க பேசிகினு இருந்தேன்?"

பக்கத்தில் யாரோ ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஸ்டெல்லா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். ஓர் அடி எடுத்து வைக்கப் போய், காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். இந்தப் பக்கம் திரும்பினாள், அந்தப் பக்கம் திரும்பினாள். எங்கே மிதிக்கலாம், எங்கே மிதிக்கக் கூடாது என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.